ஏழாவது முடித்த மகனுக்கும் பத்தாவது போகும் மகளுக்கும் இந்த விடுமுறையில் என்ன கதைப் புத்தகம் கொடுக்கலாம்?

திருப்பூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் ஏழாவது முடித்திருக்கிறான், மகள் ஒன்பதாவது. இருவரும் ஆங்கில வழிப் பள்ளி. விடுமுறைக்கென்று பள்ளியில் இருபது ஆங்கிலக் கதைப் புத்தகங்களின் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். அதில் ஒன்றைக்கூடப் பிள்ளைகள் தொடவில்லை. மே மாதம் முழுக்கக் காங்கயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்), அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, வீட்டில் இருக்கப் போகிறார்கள். "தமிழோ ஆங்கிலமோ, நல்லதாகப் பத்துப் பெயர் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

பத்துப் பெயரை இரண்டு நிமிடத்தில் எழுதிவிடலாம். ஆனால் அவர் கேள்வியின் நடுவில் ஒரு வரி இருக்கிறது: "பையன் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். சின்னப் பிள்ளைக் கதை கொடுத்தால் கோபித்துக்கொள்கிறான்." உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது. நல்ல புத்தகம் எது என்பது அவருக்கே ஓரளவு தெரியும். இந்தப் பையன் கையில் எடுத்து, கீழே வைக்காமல் படிக்கக்கூடிய புத்தகம் எது என்பதைத்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் கிளை நூலகங்களில் இருபத்தெட்டு வருடம் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளைகள் வந்து அலமாரி முன்னால் நிற்பதை அத்தனை வருடமும் பார்த்திருக்கிறேன். அதிலிருந்து எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு இங்கே ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைக்கு இரண்டு வயது. ஒன்று பிறந்த தேதிப்படி வரும் வயது. இன்னொன்று தமிழ் படிக்கும் வயது. உங்கள் மகனுக்கு உடம்புக்கும் மனதுக்கும் பன்னிரண்டு. தமிழ் எழுத்து முன்னால் வந்தால் ஏழு அல்லது எட்டு. ஏழு வயதுக்கான புத்தகத்தைக் கொடுத்தால் முயலும் ஆமையும் பேசும், அவனுக்கு அது அவமானம். பன்னிரண்டு வயதுக்கான புத்தகத்தைக் கொடுத்தால் ஒரு பக்கம் முடிக்கக் கால் மணி நேரம் ஆகும், கதை கையை விட்டுப் போய்விடும். இரண்டு பக்கமும் அடி வாங்கிய பிள்ளை "எனக்குப் புத்தகமே பிடிக்காது" என்று சொல்லிவிடும். அது உண்மை இல்லை. படிக்கும் வேகத்துக்கும் வயதுக்கும் நடுவே விழுந்துவிட்ட பிள்ளை அது, அவ்வளவுதான்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆர்வமாக வந்த ஏழாம் வகுப்புப் பையனுக்குப் பொன்னியின் செல்வன் முதல் பாகத்தை எடுத்துக் கொடுத்தேன். எனக்கு உயிரான புத்தகம், அவனுக்கும் அப்படியே இருக்கும் என்று நம்பினேன். இரண்டு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தான். உள்ளே ஒரு பஸ் டிக்கெட்டை அடையாளத்துக்கு வைத்திருந்தான். அது இருபத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது. அப்புறம் அவன் நூலகத்துக்கு வரவே இல்லை. அந்த டிக்கெட்டை ரொம்ப நாள் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன்.

சரி, மகனுக்கு என்ன கொடுக்கலாம்? தயங்காமல் காமிக்ஸில் தொடங்குங்கள். சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸும், 1984-ல் லயன் காமிக்ஸும் வரத் தொடங்கின. இரும்புக்கை மாயாவி, டெக்ஸ் வில்லர், லக்கி லூக் எல்லாம் தமிழ்நாட்டில் வீட்டுப் பெயர்கள் ஆனது இந்த இரண்டின் வழியாகத்தான். காமிக்ஸில் ஒரு கட்டத்துக்குள் பத்துப் பன்னிரண்டு சொற்கள்தான் இருக்கும், மிச்சத்தைப் படம் சொல்லிவிடும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையும் கதையோடு ஓட முடியும். கதையோ குழந்தைக் கதை இல்லை. துப்பாக்கி, குதிரை, கொள்ளைக்காரன் என்று பன்னிரண்டு வயதுக்கு ஏற்றதாக இருக்கும். அந்த இரண்டு வயதையும் ஒரே இடத்தில் சந்திக்க வைக்கிற வடிவம் என்று எனக்குத் தெரிந்தது இதுதான்.

ஒரு பையனைச் சொல்கிறேன். அப்பா அம்மா இருவரும் பனியன் கம்பெனியில் வேலை. தகரக் கூரை போட்ட லைன் வீடு. மே மாதம் மத்தியானம் அந்த வீட்டுக்குள் உட்கார முடியாது. எங்கள் நூலகத்தில் ஃபேன் ஓடும் என்பதற்காகத்தான் வந்தான். முதல் நான்கு நாள் செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கத்தின் படங்களை மட்டும் பார்த்தான். ஐந்தாம் நாள், யாரோ ஒரு வாசகர் நன்கொடையாகக் கொடுத்திருந்த பழைய காமிக்ஸ் கட்டை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என் வேலையைப் பார்த்தேன். சாயங்காலம் பூட்டும்போது விரலை வரிக்கடியில் நகர்த்தி நகர்த்திப் படித்துக்கொண்டிருந்தான். உதடு அசைந்தது. மே கடைசியில் உதடு அசைவது நின்றுவிட்டது. இதை நான் கண்ணால் பார்த்தேன். காமிக்ஸ் படிக்கிற எல்லாப் பிள்ளையும் பிறகு நாவலுக்குப் போய்விடும் என்று மட்டும் உறுதி சொல்ல மாட்டேன். போனவர்களும் உண்டு, காமிக்ஸிலேயே நின்றவர்களும் உண்டு. நின்றவர்களுக்கும் தமிழ் வேகமாகப் படிக்க வந்துவிட்டது என்பது உறுதி.

காமிக்ஸ் இரண்டு மூன்று முடித்ததும் அடுத்ததாக ஃபெலுடா கதைகளைக் கொடுங்கள். சத்யஜித் ராய் 1965-ல் எழுதத் தொடங்கிய துப்பறியும் கதைகள் இவை, வீ.பா. கணேசன் மொழிபெயர்ப்பில் புக்ஸ் ஃபார் சில்ட்ரன் வெளியீடாகத் தமிழில் வரிசையாக வந்திருக்கின்றன. கதையைச் சொல்வது ஃபெலுடா இல்லை, கூடவே சுற்றும் தம்பி முறைப் பையன் தோப்ஷே. அவனும் உங்கள் மகனைவிட ஓரிரண்டு வயதுதான் பெரியவன். புத்தகங்கள் மெல்லியவை, வாக்கியங்கள் சின்னவை. ஒரே உட்காரலில் முடித்துவிட்டேன் என்று பிள்ளை சொல்லும்போது முகத்தில் வருகிற பெருமையை நீங்களே பார்ப்பீர்கள்.

அறிவியல், இயந்திரம் என்று கேட்கிற பையனாக இருந்தால் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. அதில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படிக்கும், பேசும், வாதம் செய்யும். அவர் எதிர்காலம் என்று வைத்துக்கொண்டு எழுதிய ஆண்டுகள் இப்போது கடந்துவிட்டன. எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பையனோடு உட்கார்ந்து கணக்குப் போடலாம். சுஜாதாவின் தமிழில் ஆங்கிலச் சொற்கள் தாராளமாகக் கலந்து வரும். ஆங்கில வழிப் பிள்ளைக்கு அது குறையே இல்லை, ஏறும்போது பிடித்துக்கொள்ளக் கைப்பிடி மாதிரி. மலை, பனி, சாகசம் பிடிக்குமென்றால் ஜெயமோகன் தினமணி சிறுவர்மணியில் தொடராக எழுதிய 'பனிமனிதன்'. இமயமலையில் பனிமனிதனைத் தேடிப் போகிற கதை, நடுநடுவே அறிவியல் விளக்கமும் வரும். முன்னதைவிட இது கொஞ்சம் கனமானது, மூன்றாவது வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாகித்ய அகாதெமி 2010-லிருந்து பால சாகித்ய புரஸ்கார் என்ற சிறுவர் இலக்கிய விருதைக் கொடுக்கிறது. தமிழில் அந்த விருது பெற்ற நாவல்களில் மூன்று உங்களுக்குப் பொருந்தும். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியை ஒட்டிய கதை, 2023-ல் விருது. விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா', 2025. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', 2020. கடைசியில் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு மரப்பாச்சி பொம்மை ஒரு சிறுமியோடு பேசுகிறது. தகாத தொடுதலைப் பற்றிய கதை. பயமுறுத்தாமல் எழுதியிருக்கிறார். மகளுக்கு மட்டும் கொடுத்துவிட்டு மகனுக்குக் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். முதலில் நீங்கள் படியுங்கள், பிறகு இருவருக்கும் கொடுங்கள். பொதுவாக விருதுப் பட்டியல் நல்ல தொடக்கம்தான். ஆனால் விருது கொடுப்பவர்கள் பெரியவர்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். பிள்ளைக்குப் பிடித்ததா என்பது பிள்ளை பக்கத்தைத் திருப்பும் வேகத்தில்தான் தெரியும்.

மகளுக்கு வருகிறேன். பதினான்கு வயதுப் பெண்ணுக்குச் சிறுவர் புத்தகம் என்று அட்டையில் போட்டிருந்தாலே வேண்டாம் என்று தோன்றும். ஆனால் ஐந்நூறு பக்க நாவலுக்கும் இன்னும் நேரம் வரவில்லை. இந்த இடைவெளிக்குத் தமிழில் இருக்கிற பெரிய சொத்து நம் சிறுகதையும் குறுநாவலும்தான். இரா. நடராசனின் 'ஆயிஷா'வை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். கேள்வி கேட்கிற ஒரு பள்ளி மாணவியின் கதை, அவளுடைய ஆசிரியை சொல்வதாக வரும். முடிவில் அந்தப் பெண் இறந்துபோகிறாள். ஆகவே படித்து முடிக்கிற நேரம் வீட்டில் யாராவது பக்கத்தில் இருப்பது நல்லது. எங்கள் நூலகத்தில் அதைப் படித்துவிட்டு, புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, நம் ஊர்க் காட்டிலேயே நடக்கிற கதை. ஜெயமோகனின் 'யானை டாக்டர்'. அறம் என்ற தொகுப்பில் இருக்கிறது, தனிப் புத்தகமாகவும் கிடைக்கும். பொள்ளாச்சிக்கு மேலே டாப்சிலிப்பில் யானைகளுக்கு வைத்தியம் பார்த்த, டாக்டர் கே என்று எல்லோரும் அழைத்த கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியின் வாழ்க்கையை வைத்து எழுதிய கதை. காட்டுக்குள் குடித்துவிட்டு வீசி எறிகிற பீர் பாட்டில் யானையின் காலில் ஏறி என்ன செய்கிறது என்பதை அதில் படித்த பிள்ளை, அப்புறம் எந்த மலைக்குப் போனாலும் தரையைப் பார்த்துத்தான் நடக்கும். புழுக்களைப் பற்றி ஒரு பகுதி வரும். முதலில் குமட்டும், இரண்டு பக்கம் தாண்டியதும் அந்தப் புழுக்களே கைக்குழந்தை மாதிரித் தெரியும். அருவருப்பை அன்பாக மாற்றுவதைப் பதினான்கு வயதில் ஒரு கதை செய்து காட்டினால் அந்தப் பிள்ளை கதையை விடாது. படித்து முடித்த பிறகு டாப்சிலிப்புக்கு ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள்.

வெளியூர்க் கதை என்றால் கிர்கீசிய எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்'. தானே அரைகுறையாகப் படித்த ஓர் இளைஞன் ஒரு மலைக் கிராமத்தில் பாழடைந்த குதிரைக் கொட்டடியைப் பள்ளிக்கூடம் ஆக்குகிறான். அல்தினாய் என்ற அநாதைப் பெண் அங்கே படிக்க வருகிறாள். அவளை வலுக்கட்டாயமாகக் கல்யாணம் செய்து கொண்டுபோகிற பகுதி கடுமையானது. நம் பக்கத்திலும் படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுத்த பெண்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவராவது இருந்திருப்பார்கள், அதனால் மகளோடு பேசுவதற்கு இது நல்ல கதை. கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' இன்னொன்று. பறவைகளின் பின்னாலேயே சுற்றுகிற கரிசல்காட்டுப் பையன் ஒருவனின் கதை. கோவில்பட்டிப் பக்கத்துப் பேச்சு முதல் பத்துப் பக்கம் தட்டும், அப்புறம் பழகிவிடும். கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' என்ற சிறுகதையை மட்டும் நீங்களே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். புத்தகங்களுக்காக ஒரு மாமாவைச் சுற்றிச் சுற்றி வருகிற பிள்ளைகளின் கதை அது. கடைசி வரியில் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும், அதனால் அந்த வரியை நான் யாருக்கும் முழுசாகப் படித்துக் காட்டியதில்லை.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளைகள் காங்கயம் பக்கம் தோட்டத்துக்குப் போகிறார்கள். கொங்கு மண்ணைப் பற்றிய கதைகளைப் படிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. புத்தகத்தில் வருகிற பேச்சும் திண்ணையில் அம்மிச்சி பேசுகிற பேச்சும் ஒன்றாக இருக்கும். பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை', 2016-ல் வந்தது. வயதான ஒரு கணவன் மனைவி கையில் வந்து சேர்கிற சின்னஞ்சிறு கறுப்பு ஆட்டுக்குட்டி, பஞ்சம், ஆட்டின் காதில் அடையாளம் குத்துகிற அரசாங்கம் என்று போகும். ஆடு சினையாவது, ஈனுவது எல்லாம் மறைக்காமல் எழுதியிருக்கிறார். தோட்டத்தில் ஒரு மாதம் இருக்கிற பிள்ளைக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. உங்கள் மகளுக்கு இதைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

அவருடைய 'கூளமாதாரி' இன்னும் பெரிய நூல் என்பது என் எண்ணம். பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட கூளையன் என்ற பையனும் அவன் கூட்டாளிகளும். அவர்கள் விளையாட்டு, பசி, வாங்குகிற அடி. சாதியின் கொடுமை அதில் பிள்ளைகளின் உடம்பில் விழுகிறது. பச்சையான சொற்கள் வரும், முடிவு கனமானது. பதினைந்து வயதுக்கு மேல், ஒரு பெரியவரின் துணையோடு என்றுதான் நான் கொடுப்பேன். துணையோடு என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு கோடையில் என் மகள் வயிற்றுப் பேத்தி இந்த நாவலை என் அக்காவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். நகரத்தில் வளர்ந்த பிள்ளை. "பட்டி" என்றதும் ஏதோ ஊர்ப் பெயர் என்று நினைத்துக்கொண்டாள். "ஊரில்ல கண்ணு, ராத்திரிக்கு ஆட்ட அடைக்கிற எடம்" என்று அக்கா சொல்லி, தென்னந்தடுக்கை எப்படி வைத்துக் கட்டுவார்கள் என்று கையால் காட்டினாள். அப்படியே இரண்டு நாள் சிரிப்பும் பேச்சுமாகப் போனது. மூன்றாம் நாள் சோறு ஊற்றுகிற ஓர் இடம் வந்தது. அக்கா பேசாமல் இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம ஊட்லயும் ஒரு பையன் இருந்தான் சாமி. அவனுக்குன்னு தனியா ஒரு சட்டி, கட்டுத்தாரைல கவுத்தி வெச்சிருப்போம்" என்றாள். பேத்தி புத்தகத்தை மூடிவிட்டு, "அந்தப் பையன் பேர் என்னங்க அம்மிச்சி?" என்று கேட்டாள். அக்காவுக்குப் பெயர் நினைவில் இல்லை. அன்றைக்கு மேற்கொண்டு படிக்கவில்லை. எந்தப் பாடப் புத்தகத்தாலும் அந்தக் கேள்வியை அவள் வாயில் வரவைத்திருக்க முடியாது.

கொங்கு வட்டார நாவலுக்கு மூத்தது ஆர். சண்முகசுந்தரம் 1942-ல் எழுதிய 'நாகம்மாள்'. கீரனூர்க்காரர். கணவனை இழந்த ஒரு பெண் நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள், அதுதான் கதை. சின்னப் புத்தகம், ஆனால் வன்முறையில் முடியும். மகள் பதினொன்றாவது போகட்டும், அப்போது கொடுங்கள். பூமணியின் 'வெக்கை'யையும் அந்த வயதுக்கே வைத்துவிடுங்கள். அதில் வருகிறவன் பதினைந்து வயதுப் பையன்தான், 'அசுரன்' படம் பார்த்த பிள்ளைகள் அதைக் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் கதை ஒரு கொலையில் தொடங்குகிறது. கதாநாயகன் சிறுவன் என்பதாலேயே அது சிறுவர் நூல் ஆகிவிடாது.

கல்கியைப் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். 2022, 2023-ல் படம் வந்த பிறகு எல்லா வீட்டிலும் பொன்னியின் செல்வன் இருக்கிறது, பாதிப் புத்தகங்கள் பிரிக்காமலே இருக்கின்றன. ஐந்து பாகம், 1950-லிருந்து 1954 வரை வாரா வாரம் வந்த தொடர். முதலில் 'பார்த்திபன் கனவு' கொடுங்கள். அதுவும் தொடர்கதைதான், ஆனால் அளவில் சின்னது. அத்தியாயங்கள் குட்டி, ஒவ்வொன்றும் அடுத்தது என்ன என்று கேட்கிற இடத்தில் நிற்கும். இரவுக்கு இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் மே முடியும்போது புத்தகமும் முடியும் தறுவாய்க்கு வந்துவிடும். வாங்கும்போது எழுத்தின் அளவைப் பாருங்கள். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனவை, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். விலை குறைந்த பதிப்புகளில் பல, பொடி எழுத்தில் வரிகளை நெருக்கி அடித்தவை. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்ததுமே மனசு விட்டுப்போகும். ஐம்பது ரூபாய் அதிகமானாலும் பெரிய எழுத்துப் பதிப்பை வாங்குங்கள்.

பள்ளியின் ஆங்கிலப் பட்டியலைப் பற்றி. ஆங்கிலத்தில் புதிதாக வருகிற இளையோர் நாவல்களில் எனக்குப் பழக்கம் குறைவு. கிளை நூலகங்களுக்கு அவை அதிகம் வருவதில்லை. நானே படித்து, பிள்ளைகளிடம் கொடுத்தும் பார்த்தவற்றை மட்டும் சொல்கிறேன். லூயிஸ் சாக்கரின் 'ஹோல்ஸ்', 1998. செய்யாத திருட்டுக்காக ஒரு முகாமுக்கு அனுப்பப்பட்ட பையன், பொட்டல் வெளியில் தினமும் ஐந்தடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்ட வேண்டும். எதற்கு என்பதுதான் கதை. சின்ன வாக்கியங்கள், விடாமல் இழுக்கும். கேரி பால்சனின் 'ஹேட்செட்': விமானம் விழுந்து, கனடாக் காட்டில் ஒரு கைக்கோடாலியோடு தனியாக மாட்டிக்கொள்கிற பதின்மூன்று வயதுப் பையன். இந்த இரண்டில் ஒன்று உங்கள் மகனுக்கு நிச்சயம் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஆர்.ஜே. பலாசியோவின் 'ஒண்டர்' மகளுக்கும் மகனுக்கும் பொது. ஆர்.கே. நாராயணின் 'ஸ்வாமி அண்டு ஃப்ரெண்ட்ஸ்' 1935-ல் வந்தது. பழைய ஆங்கிலம் என்று பயப்பட வேண்டாம், கணக்குப் பாடத்தைக் கண்டு நடுங்குகிற பையன் எந்தக் காலத்திலும் ஒரே பையன்தான். இந்த நான்கில் ஏதாவது உங்கள் பட்டியலில் இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். இருபதையும் முடிக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். முழுதாக இரண்டு முடித்தால் அது நல்ல கோடை.

விடுமுறையில் படிக்காத பிள்ளை படிப்பில் பின்தங்கிவிடும் என்று பள்ளிகளில் சொல்கிறார்கள். இது அமெரிக்காவிலிருந்து வந்த பேச்சு. 1990-களில் அங்கே செய்த ஆய்வுகள் அப்படித்தான் சொல்லின. பின்னால் வந்த ஆய்வுகள் அந்த இழப்பு முன்பு நினைத்த அளவுக்கு உண்டா என்று சந்தேகம் எழுப்பியிருக்கின்றன. அங்கேயே முடிவாகாத ஒன்றை நம் பிள்ளைகள் தலையில் பயமாக ஏற்ற வேண்டியதில்லை. கதை படித்தால் மதிப்பெண் கூடும் என்றும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இன்னொரு எல்லையையும் சொல்ல வேண்டும். உங்கள் மகன் தமிழில் மட்டும் தடுமாறினால் அது பழக்கக் குறைவு. ஆங்கிலத்திலும் எழுத்து மாறி மாறித் தெரிகிறது, வரி தாவுகிறது, படித்தால் தலை வலிக்கிறது என்கிறான் என்றால், முதலில் கண் மருத்துவரிடமும், பிறகு வாசிப்புக் குறைபாட்டைப் பரிசோதிக்கத் தெரிந்தவரிடமும் காட்டுங்கள். அது நூலகர் சொல்லித் தீர்கிற விஷயம் இல்லை.

எப்படிக் கொடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. நீங்களே தேர்ந்தெடுத்துக் கையில் திணிக்காதீர்கள். ஐந்தைக் கொண்டுபோய்ப் பரப்பி வையுங்கள், அவன் ஒன்றை எடுக்கட்டும். முப்பது பக்கம் படித்தும் பிடிக்கவில்லை என்றால் வைத்துவிட அனுமதி கொடுங்கள். படித்து முடித்ததும் "கதைச் சுருக்கம் எழுது, என்ன நீதி கற்றுக்கொண்டாய்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி வரும் என்று தெரிந்த பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிற மாதிரிதான் படிக்கும். "அந்த நாய்க்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்று நிஜமாகவே தெரியாமல் கேளுங்கள், பத்து நிமிடம் பேசுவான். தமிழ் தடுமாறுகிற பையனுக்கு ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் அவன் என்று மாறி மாறி வாய்விட்டுப் படிப்பதைப் போல வேகம் கொடுப்பது வேறில்லை. நீங்கள் வேலைக்குத் திரும்பிவிட்டால் அவனுடைய அக்காவே செய்யட்டும். அம்மிச்சிக்குக் கண் தெரியவில்லை, அதனால் நீ படித்துக் காட்டு என்று சொன்னால் பையன் மறுக்க மாட்டான்.

புத்தகம் எங்கே கிடைக்கும்? ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்துகிற புத்தகத் திருவிழா ஆகஸ்டில்தான், கோவை கொடிசியா விழா ஜூலையில். இரண்டும் விடுமுறை முடிந்த பிறகு. ஆகவே இப்போதைக்குக் கோவை ராஜ வீதி விஜயா பதிப்பகம் மாதிரியான கடைக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய் வாருங்கள். அதற்கு முன்னால் உங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் உறுப்பினராகச் சேருங்கள். நீங்கள் கட்டுகிற சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியாகப் போகிறது. அலமாரியில் இருப்பது ஏற்கெனவே உங்கள் காசுதான். கேட்கிற புத்தகம் இல்லையென்றால் நூலகரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். என்னிடம் யாரும் கேட்காத புத்தகத்தை நான் வாங்கச் சொல்லி எழுதியதில்லை, கேட்டவற்றுக்கு எழுதியிருக்கிறேன்.

ஊருக்குக் கட்டுகிற பையில் இப்போதைக்கு இவற்றை வையுங்கள்: மூன்று காமிக்ஸ், ஒரு ஃபெலுடா, 'என் இனிய இயந்திரா', 'ஹேட்செட்', 'ஆயிஷா', 'யானை டாக்டர்', 'பூனாச்சி', பெரிய எழுத்துப் 'பார்த்திபன் கனவு'. நீங்கள் கேட்ட பத்து. மத்தியான வெயிலில் வாசலில் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, அதன் மேல் இவற்றைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடச் சொல்லுங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும், மகன் எந்தப் புத்தகத்தை எந்தப் பக்கத்தில் பாதியில் வைத்தான் என்பதை மட்டும் எழுதுங்கள். அதைப் பார்த்து அடுத்து என்ன கொடுக்கலாம் என்று சொல்கிறேன்.